ஊற்றுப் பள்ளத்துத் தண்ணீர்

அண்டாவின் வாயில் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, ஜ்வாலாமாலினி தவலைத் தண்ணீரைச் சரித்து ஊற்றினாள். விடியற்காலையில் அடங்கிப்போன அவளுடைய நைனா விமலநாதனைக் குளிப்பாட்டத்தான் இந்தத் தண்ணீர். வடிகட்டாத தண்ணீரைத் தொடாத சமண வீடு அது. துணியில் தங்கும் சின்ன உயிர்களை எடுத்த கிணற்றிலேயே கொண்டுபோய் விட்டாக வேண்டும். சாவு வீடென்று விலக்கெல்லாம் கிடையாது.

துணியை அவிழ்த்தாள். நடுவில் நூல்போல ஒரு நீர்க்கொடி, இழைக்கு இழை கடுகைவிடச் சிறிய பைகளோடு. அவள் கை அப்படியே நின்றது.

நைனா சென்னைக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். லீவு விட்டால் செஞ்சிக்கு ஓடிவந்துவிடுவார். எல்லாம் ராஜகிரி அடிவாரத்தில் குடும்ப நிலத்தின் கோடியில் இருந்த ஊற்றுப் பள்ளத்துக்காகத்தான். சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடந்தாலும் அங்கே கோரை பச்சையாக நிற்கும். மழையை நம்பாமல் மண்ணுக்கடியில் இருக்கும் தண்ணீரைக் குடித்து வாழும் செடிகள் என்று அவர் எழுதியதை வெளிநாட்டுக்காரர்கள்கூடக் கேட்டு வாங்கினார்கள். அந்த நீர்க்கொடி அந்தப் பள்ளத்தை விட்டால் இந்தப் பக்கத்தில் வேறெங்கும் இல்லை.

பள்ளத்தை ஒட்டித்தான் மாலினியின் புருஷன் தரணேந்திரனின் நிலமும். தன் நிலத்தில் எங்கே கிணறு வெட்டலாம் என்று கேட்டு அவர் மாமனாரிடம் போனார். "அடியில பூரா பாறை மாப்ளே. தண்ணி இல்ல" என்றார் நைனா. அது பொய்யென்று மாலினிக்குத் தெரியும். கிணறு வந்தால் பள்ளம் செத்துவிடும், வாயைத் திறக்காதே என்று அவளிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். புருஷன் கேட்டபோது அவளும் பாறை என்றாள். அவர் வேறு பக்கம் வெட்டி, கல்லில் முட்டி, மாட்டை விற்று, கடைசியில் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுத் திண்டிவனம் அரிசி மில்லுக்கு மூட்டை நிறுக்கப் போனார்.

"சித்தப்பா, இது எந்தக் கெணத்துத் தண்ணி?"

நைனாவின் தம்பி சுமதிநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நம்ம புதுக் கெணறுதான் கண்ணு. வூட்டுக் கெணத்துல வாளி தரை தட்டுது."

"பள்ளத்துலயா வெட்டுனீங்க?"

"ஆமா, தையில. மோட்டாரும் போட்டாச்சு."

"நைனா வுட்டாரா?"

"இன்னா இப்டி கேக்கற? எடம் காட்டுனதே அண்ணந்தான். கோரை எங்க அடர்த்தியோ அங்க தோண்டுன்னாரு. பொங்கிச்சு பாரு."

"அந்தச் செடிங்க?"

"நானும் கேட்டேன். படிச்சதெல்லாம் போதும்டா, நம்ம வூட்டு நெலம் காயக் கூடாதுன்னாரு."

நம்ம வீடு. கட்டிக்கொடுத்த பெண்ணின் வீடு அதில் சேர்த்தி இல்லை.

உள்ளேயிருந்து சின்னம்மா விஜயா குரல் கொடுத்தாள். "வாத்தியார் பொண்ணு தண்ணியில இன்னா பாடம் படிக்குதோ. ஆம்பிளைங்க காத்துனு கீறாங்கடி."

மாலினி துணியைக் கிண்ணத்தில் அலசிச் சித்தப்பாவிடம் நீட்டினாள். "மோட்டாரு ஓடற கெணத்துல இது எங்க பொழைக்கும்" என்றபடி வாங்கிக்கொண்டார். அவள் நைனாவின் காலில் தண்ணீர் ஊற்றினாள். கூட்டம் அழுதது. அவளுக்கு அழுகை வரவில்லை.

ஆண்கள் தகனம் முடித்து, புதுக் கிணற்று மோட்டாரில் குளித்துவிட்டுத் திரும்பியபோது வெயில் சரிந்திருந்தது. தரணேந்திரன் எல்லோருக்கும் கடைசியாக, தலை சொட்டச் சொட்ட வந்தார்.

"தொடை தண்டிக்குத் தண்ணி கொட்டுது" என்றார். "நம்ம வரப்புல நின்னு கல்லு வுட்டா வுழுற தூரம்."

அவள் இலை போட்டாள். இருட்டிய பின் சாப்பிடாத வீடு அது.

"அங்க தண்ணி இருக்குதுன்னு உனுக்குத் தெரியுமா மாலினி?"

"பொழுது சாயறதுக்குள்ள சாப்புடுங்க."

அவர் துண்டால் தலையைத் துவட்டினார். பிறகு உட்கார்ந்தார். அவள் குனிந்து சொம்பைச் சாய்த்தாள். அவர் டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.