எவ்தோக்கியா அத்தை பார்த்த பக்கம்

பதினெட்டு வருஷமாக ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கிரீஸில் எங்கள் எப்பிரஸ் மலைக்கிராமத்து மாதா கோயில் முன்னால் ஊர்ப் படம் எடுப்பவன் நான்தான். ஊரே படிக்கட்டில் நிற்கும். நான் எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நிற்பேன். சுவருக்குப் பின்னால் பள்ளத்தாக்கு, ஓரடி பின்வாங்க வழியில்லை. ஒரு தடவை மிக அகன்ற லென்ஸ் போட்டுப் பார்த்தேன். ஓரத்தில் நின்ற கசாப்புக்கடை சீசிஸின் மனைவி முகம் பிசைந்த மாவு மாதிரி இழுபட்டுவிட்டது. சீசிஸ் ஒரு வருஷம் எனக்குக் கறி விற்கவில்லை. அதற்குப்பிறகு பழைய லென்ஸோடு நிறுத்திக்கொண்டேன். ஓரத்து ஆட்கள் வெட்டுப்பட்டால் அது அவர்கள் தலையெழுத்து.

படம் எடுப்பது மணி அடிக்கும்போதுதான். தியோஃபானிஸ் மாமா நாற்பது முறை அடிப்பார். அதற்குமேல் ஒன்று விழுந்தாலும் சாவு மணி என்று ஊர் பதறும். மணிக்கூண்டு படிக்கட்டைத் தாண்டி வலது கோடியில் இருப்பதால் அவர் ஒரு படத்திலும் இல்லை. அவர் மனைவி எவ்தோக்கியா அத்தை வரிசையின் வலது கடைசியில் நிற்பாள். எல்லாப் படத்திலும் அவள் மட்டும் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருப்பாள். "அத்தை, எங்க பார்க்கிறீங்க? கேமரா இங்க இருக்கு!" என்று கத்திக் கத்தி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

இந்த வருஷம் ஏதென்ஸ் போய், அகலமாகப் பிடிக்கும் ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கி வந்து பழைய லென்ஸையே மாட்டினேன். சேதி அத்தை காதுக்குப் போய்விட்டது. விழாவன்று காலையில் வந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"அனார்கிரோஸ், புதுசு நிறையப் பார்க்குமாமே. இவரு படத்துல விழுவாரா?"

"விழுவாரு அத்தை."

"ஐம்பத்தொரு வருஷம் ஆச்சுடா. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு படம் கிடையாது. கல்யாணப் படம் வெள்ளத்துல போச்சு. தனியா நிக்கச் சொன்னா, 'படத்துக்கு விறைச்சுக்கிட்டு நிக்கிறது செத்தவன் வேலை'ங்கிறாரு. போன வாரம் டாக்டர் இனிமே மணிக்கயித்தைத் தொடவே கூடாதுன்னுட்டாரு. அதைக் கேக்காம இன்னிக்கு அடிக்கப்போறாரு, இதுதான் கடைசி."

"என்கிட்ட விடுங்க," என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

மணி தொடங்கியது. கேமராவைக் கண்ணில் வைத்தேன். அதே பழைய அளவு! அத்தை கடைசியில் நிற்கிறாள், அவளுக்கு அப்பால் ஒன்றுமில்லை. வலது பக்கம் திருப்பினால் இடது கோடியில் பாதிரியார் போய்விடுவார். ஒன்பது, பத்து.

"என்னடா, பாதிரியாரை விட்டுப் புது கேமராவுக்குத் தீர்த்தம் தெளிக்கச் சொல்லட்டுமா?" என்று சீசிஸ் கத்த, படிக்கட்டே சிரித்தது.

பத்தொன்பதாவது மணியில்தான் உறைத்தது. வாங்கிய அன்று அந்த அகலத்தைப் பார்த்து மிரண்டு, கை பழகட்டும் என்று நானே படம் பதியும் சென்சாரைப் பழைய கேமராவின் சின்ன அளவுக்குச் சுருக்கி வைத்திருந்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். மெனுவில் தேடினேன். விரல் வியர்த்து வழுக்கியது. முப்பது. முப்பத்தொன்று. ஒருவழியாகக் கிடைத்தது. மாற்றிவிட்டு மறுபடியும் கண்ணை வைத்தேன்.

அம்மாடி!

கதவைத் திறந்தமாதிரி இரண்டு பக்கமும் விலகின. பாதிரியாருக்கு அந்தப்புறம் வால்நட் மரம், அதன் நிழலில் படுத்திருந்த நாய். இந்தப்புறம் மணிக்கூண்டு, கயிறு, மாமா. என் லென்ஸ் பிலிம் காலத்தது. பதினெட்டு வருஷமும் அது இவ்வளவையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பழைய கேமராதான் நடுத்துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டிருக்கிறது. முப்பத்தெட்டாவது மணியில் அமுக்கினேன்.

நாற்பது முடிந்ததும் ஊர் ஆட்டுக்கறி அண்டாவை நோக்கி நடந்தது. அத்தை மட்டும் என்னிடம் வந்தாள். திரையில் படத்தின் வலது ஓரத்தைப் பெரிதாக்கினேன். மாமா கயிற்றோடு சாய்ந்திருந்தார். அவர் கேமராவையும் பார்க்கவில்லை, மேலே மணியையும் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், பல் போன வாய் முழுக்க. அந்த மனுஷர் சிரித்து நான் ஒரு நாளும் கண்டதில்லை.

திரையை அவள் பக்கம் நீட்டினேன்.

அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"எங்க பார்க்கிறீங்க, எங்க பார்க்கிறீங்கன்னு வருஷா வருஷம் கத்துவியே, மடையா," என்றாள். "இதைத்தான்."