டெல்பர்ட் ஜெயித்த தோட்டம்

ஏப்ரல் மாதத்தில் நாலு நாள் வெயில் அடித்துவிட்டது என்பதற்காக அயோவாவில் யாரும் தக்காளி நட்டுவிட மாட்டார்கள். மே மாதம் அன்னையர் தினம் கழியட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். அதற்கு முன்னால் நட்டால் உறைபனி வந்து வாரிக்கொண்டு போய்விடும் என்பது அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். டெல்பர்ட் ஹாஸ்டெட்டருக்கும் தெரியும். தெரிந்தேதான் நட்டார். அவருக்கு அவசரம்.

அவசரத்துக்குக் காரணம் அவருடைய மனைவி ஆர்டிஸ். பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த டெல்பர்ட் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவள் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவுக்குப் போக வேண்டும், தங்கை ஃபே இருக்கும் ஊரில் குடியேற வேண்டும்.

"பனிய அள்ளி அள்ளி என் இடுப்பே போச்சு, டெல். அங்க ஃபே ஜனவரியில செருப்பில்லாம வாசல்ல நிக்கிறா. போன வாரம் அந்தப் பாதத்தப் படம் பிடிச்சு வேற அனுப்பியிருக்கா."

டெல்பர்ட்டுக்கு அந்த வீட்டை விட்டுப் போவதை நினைத்தாலே பயமாக இருந்தது. கல்யாணமாகி வந்த வீடு. வழக்கமாகக் காபி குடிக்கும் கடையும் அங்கே வம்பளக்கும் கூட்டமும் நடக்கிற தூரத்தில் இருந்தன. ஆனால் பயமாக இருக்கிறது என்று மனைவியிடம் சொல்கிற ஆண்பிள்ளை அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே அவர் வேறொன்றைச் சொன்னார்.

"நான் தோட்டம் போடப் போறேன். அரிசோனா பாலைவனத்துல எங்க போய்த் தோட்டம் போடுறது?"

ஆர்டிஸ் சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. அவள் பண்ணையில் வளர்ந்தவள். களைக்கொட்டை இனி கையால் தொடுவதில்லை என்று சபதம் போட்டுவிட்டுத்தான் டெல்பர்ட்டைக் கட்டிக்கொண்டாள். டெல்பர்ட்டோ அதுவரை ஒரு வெங்காயத்தைக்கூட மண்ணுக்குள் வைத்தவர் இல்லை.

"சரி, போடு. ஜூலை பொறந்ததுலேர்ந்து முதல் உறைபனி வரைக்கும் தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உன் மண்ணுல விளைஞ்ச காய் ஒண்ணாவது மேசைக்கு வரணும். வந்தா அரிசோனா பேச்ச நான் எடுக்கல. ஒரே ஒரு நாள் வரலைன்னாலும் வாசல்ல 'வீடு விற்பனைக்கு'ன்னு பலகைய நடுவேன். சம்மதமா?"

டெல்பர்ட் சம்மதித்தார். ஏப்ரலிலேயே தக்காளியும் நட்டார். அடுத்த வாரமே உறைபனி எச்சரிக்கை வந்தது. ஆர்டிஸ் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த நல்ல படுக்கை விரிப்புகளையெல்லாம் டெல்பர்ட் எடுத்துக்கொண்டுபோய்ச் செடிகளுக்குப் போர்த்திவிட்டார். காலையில் பக்கத்து வீட்டு வெண்டெல் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா டெல், பேய்ங்களுக்கு விருந்து வச்சியா?"

விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் நாற்றுகள் வெந்த கீரை மாதிரி கறுத்துக் கிடந்தன. ஆர்டிஸ் வந்தாள். விரிப்புகளை மட்டும் உதறி எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று டெல்பர்ட்டுக்குத் தோன்றியது.

அன்னையர் தினம் கழிந்ததும் மறுபடி நட்டார். பீன்ஸ், கீரை, இரண்டாம் முறையாகத் தக்காளி, வேலியோரம் ஸ்ட்ராபெர்ரி. கடைசியில் சுக்கினி. வெள்ளரிக்காய்க்குப் பெரியப்பா மகன் மாதிரி இருக்கும் அந்தக் காயில் ஒரு செடி வைத்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். இரண்டு வைத்தால் அக்கம்பக்கத்து உறவு கெடும். டெல்பர்ட் விதைப் பொட்டலத்தையே கவிழ்த்தார். வெண்டெல் வேலிக்கு அந்தப்புறம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்டிஸ் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நல்ல வேடிக்கையைக் கெடுக்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை.

ஸ்ட்ராபெர்ரியைக் குருவிகள் தின்றன. பீன்ஸையும் கீரையையும் முயல்கள் தின்றன. ஜூலை பிறந்தபோது தக்காளி பச்சைக் கல்லாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மிஞ்சியது சுக்கினிதான். அதை முயலும் தொடவில்லை, முயலுக்கும் ஒரு ருசி இருக்கிறது அல்லவா? தினமும் மாலையில் டெல்பர்ட் வேட்டையாடி வந்தவர் போல ஒரு சுக்கினியை மேசையில் கொண்டுவந்து வைத்தார். வதக்கினார்கள், பொரித்தார்கள், துருவி ரொட்டி சுட்டார்கள், சாக்லேட் கேக்கில்கூட ஒளித்துவைத்துத் தின்றார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். டெல்பர்ட் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் அந்தக் காய் மனிதர்களை மிஞ்சிவிட்டது. வருஷம் பூராவும் காரைப் பூட்டாமல் விட்டுப் போகிற ஊர் அது. ஆகஸ்டில் மட்டும், அதுவும் தேவாலய வாசலில், எல்லாரும் பூட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள். திருடனுக்குப் பயந்து இல்லை. பூட்டாத காருக்குள் யாராவது சுக்கினியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே டெல்பர்ட் நைசாக நழுவி, மறதிக்காரர்களின் கார்களில் நாலு பை காயை இறக்கினார். வேலையை முடித்துவிட்டு நிம்மதியாக உள்ளே போய்ப் பாடினார். திரும்பி வந்தால் அவருடைய வண்டி நிறைய சுக்கினி. அவசரத்தில் தன் வண்டியைப் பூட்ட மறந்துபோயிருந்தார். அவர் போட்டதைவிட இரண்டு பங்கு இருந்தது.

"பகிர்ந்து உண்ணணும்னு போதகர் சொன்னாரே, கேக்கலையா டெல்?" என்றார் வெண்டெல். முகத்தில் ஒரு சலனம் இருக்க வேண்டுமே.

இதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் ஆர்டிஸின் மௌனம் உடைந்தது. டெல்பர்ட் தக்காளிச் செடியில் பக்கக் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் படாரென்று திறந்தது.

"அது பூவிருக்கிற கிளை! அதப் போய் வெட்டுறியே மனுசா! தள்ளு, தள்ளு!"

வெறுங்காலோடு ஓடிவந்து கத்தரியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உனக்காக இல்ல, புரிஞ்சுதா? இந்த வதைய என்னால பார்த்துக்கிட்டு நிக்க முடியல. செடி என்ன பாவம் பண்ணுச்சு?"

அன்றோடு தோட்டம் கை மாறியது. முயலுக்குக் கம்பி வலை வந்தது. தக்காளி சிவந்தது, இரண்டாம் விதைப்பில் பீன்ஸ் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. ஆர்டிஸ் பழைய தொப்பியோடு நடுவில் நின்று உத்தரவு போட்டாள். டெல்பர்ட் களை பிடுங்கினார், எரு சுமந்தார், கொசுவுக்கு ரத்தம் கொடுத்தார். அவர் ஓய்வு பெற்றது விடியற்காலையில் எழுந்திருக்காமல் இருப்பதற்காக. இப்போது பேருந்து ஓட்டிய காலத்தைவிடச் சீக்கிரமாகக் கதவு தட்டப்பட்டது.

"எழுந்திரு டெல்! வெயில் ஏறுறதுக்குள்ள தண்ணி விடணும்!"

காபிக் கடைப் பக்கம் போயே மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒருநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் அரிசோனாவுக்குப் போன் போட்டார்.

"ஏன் ஃபே, உங்க வீட்டச் சுத்தி என்ன இருக்கு?"

"சரளைக்கல்லுதான் மாமா. இங்க ஒண்ணும் முளைக்காது."

"புல்லுகூடவா?"

"புல்லுகூட."

டெல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு இனிமையான வார்த்தையை அந்த வருஷத்தில் அவர் காதால் கேட்கவில்லை.

வழி சுலபமாகத்தான் தெரிந்தது. ஒரே ஒரு நாள் தோற்றால் போதும். செப்டம்பர் கடைசியில் ஆர்டிஸ் பல் வைத்தியரிடம் போயிருந்த சமயம் பார்த்து, பழுத்தது பழுக்காதது எல்லாவற்றையும் பறித்து வெண்டெலின் வாசலில் கொட்டிவிட்டு வந்தார். இரவு வெறும் மேசைக்கு முன்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆர்டிஸ், இன்னைக்கு ஒரு காயும் கிடைக்கல. தோத்துட்டேன். பேச்சுன்னா பேச்சு, பலகைய நட்டுடு."

 ஆர்டிஸ் எழுந்து நிலவறைக்குப் போனாள். பீன்ஸ் ஊறுகாய் ஒரு குடுவையோடு ஏறி வந்து, மூடியைத் திருகித் திறந்து அவர் தட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

"உன் மண்ணுல விளைஞ்சதுதான். கீழ அலமாரி நிறைய இருக்கு. அடுத்த ஈஸ்டர் வரைக்கும் நீ தோக்கவே முடியாது, பயப்படாத."

அக்டோபரில் உறைபனி வந்தது. ஒரே ராத்திரியில் தோட்டம் கறுத்து மடங்கிவிட்டது. டெல்பர்ட் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துத் துள்ளிக் குதிக்காத குறை. காபியைக்கூடக் குடிக்காமல் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார்.

"நான் ஜெயிச்சேன், சரி. ஆனா எனக்கு இது வேண்டாம் ஆர்டிஸ். முதுகு போச்சு. நீ சொன்னதுதான் சரி. அரிசோனாவுக்கே போயிடலாம்."

ஆர்டிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அவரும் பின்னால் போனார். கொட்டகைக்குப் பக்கத்தில் வேர் மண்ணோடு இரண்டு பேரிக்காய்க் கன்றுகள் நின்றன.

"ஒண்ணு வச்சா காய்க்காது. ஜோடியாத்தான் வைக்கணும்" என்று சொல்லி மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தாள். "ஃபேகிட்ட நேத்தே சொல்லிட்டேன். ஒண்ணும் முளைக்காத ஊருல நான் வந்து என்னத்தப் பண்றது?"

டெல்பர்ட் கன்றுகளைப் பார்த்தார். சுண்டுவிரல் தடிமன்தான் இருந்தன.

"இது எப்போ காய்க்கும்?"

"ஆறேழு வருஷம் ஆகும்."

"எனக்கு அப்போ எழுபத்தஞ்சு வயசு ஆயிருக்கும், ஆர்டிஸ்."

"தெரியும். அதான் இன்னைக்கே நடணும்னு சொல்றேன். இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டு."