வயரின் மறுமுனையில் மைனி

1

"எங்க அண்ணன் வீட்டுல நான் இருக்கதுக்கு நீங்க என்ன..."

"உங்க அண்ணன் வீடா? அப்பம் நான் யாருட்டி, வேலைக்கு வந்தவளா? இனி என் அடுப்புல உனக்கு..."

"உங்க அடுப்ப நீங்களே தலையில வச்சுக்கிட்டு ஆடுங்க! நான் தனியாப் பொங்கிக்கிடுவேன்!"

"பொங்கு! பொங்கித் தின்னு! பதினோரு வருசம் வடிச்சுக் கொட்டுனேன். ஒரு நா, ஒரே ஒரு நா, நீங்க சாப்ட்டியளா மைனின்னு கேட்டுருக்கியாட்டி நீ?"

இந்தச் சண்டை நடிப்பு. கடைசி வரியைத் தவிர.

2

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் நான் காதால் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். செம்பூரிலிருந்து குர்லா போகும் வண்டியில், லேடீஸ் பெட்டியில், என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி போனில் சொன்னாள்: "மைனிகிட்ட மட்டும் கேக்கச் சொல்லாதீங்க." நான் திரும்பிப் பார்ப்பதற்குள் குர்லாவில் இறங்கிவிட்டாள். அதில் எனக்குக் குறையில்லை. கதை எனக்குக் குரலாகத்தான் வரும். முகத்தைப் பிறகு தேடி ஒட்டிக்கொள்ளலாம்.

மைனியிடம் எதைக் கேட்கச் சொன்னார்கள்? நகையை, சாவியை, மன்னிப்பை என்று மூன்று தொடக்கம் எழுதினேன். மூன்றும் யாரோ ஏற்கெனவே எழுதியதுபோல் இருந்தன. அந்த வாரம் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் நெட் வரவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து வயரைத் தடவிக்கொண்டிருந்தபோது, சரி, இதையே கேட்கட்டும் என்று முடிவு செய்தேன்.

3

ரயிலில் பேசியவளுக்கு இசக்கிசெல்வி என்று பெயர் வைத்தேன். அவள் மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, முப்பிடாதியம்மாள். நடுவில் வானமாமலை: ஒருத்திக்கு அண்ணன், மற்றவளுக்குப் புருஷன். குர்லாவில் லேத் பட்டறை வேலை; பகலில் வீட்டில் இருக்கமாட்டான். [அவனுக்கும் வசனம் எழுதிப் பார்த்தேன். இரண்டே பேச்சில் சண்டையைத் தீர்த்துவைத்துவிட்டான். அடித்துவிட்டேன்.]

தாராவியில் ஒரே அறை. புருஷனை விட்டு வந்த நாளிலிருந்து இசக்கியும் அங்கேதான். இடித்துவிட்டு மாற்று வீடு கொடுப்பதற்காக வீடுகளை எண்ண சர்வேக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், ஒரு வீடு இரண்டாகக் கணக்கில் ஏறட்டும் என்று வானமாமலை நடுவில் பிளைவுட் அடித்தான். இரண்டு கதவு, இரண்டு அடுப்பு.

"சும்மா தடுப்பு வச்சா அவன் நம்புவானா? பேச்சுவார்த்தை இல்லாத வீடுன்னு தெரியாண்டாமா?" என்று யோசனை சொன்னவள் மைனிதான். நாத்தனாரும் மைனியும் டீ குடித்துக்கொண்டே ஒத்திகை பார்த்தார்கள். சிரித்த சிரிப்பில் மைனிக்குப் புரையேறியது.

மறுநாள் சர்வேக்காரர் காகிதத்தோடு வாசலில் நின்றார். எல்லாம் பேசிவைத்தபடி நடந்தது. அந்தக் கடைசி வரி மட்டும் ஒத்திகையில் இல்லை.

அவர் இரண்டு கதவிலும் இரண்டு எண் எழுதிவிட்டுப் போனார். அப்புறம் பிளைவுட்டைக் கழற்றலாம் என்று இருவரில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பேச்சும் நின்று ஐந்து மாதமாகிறது.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. "அவள் நெஞ்சில் அந்தச் சொல் ஒரு" என்று தொடங்கி நின்றுவிட்டது. நிற்கட்டும். இசக்கி செய்தது என்னவென்று தெரியும். பதினோரு வருடத்தையும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள். கேட்டதாக ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை. அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது.)

4

பிளைவுட் பிரிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. நெட் டப்பா மைனி பக்கச் சுவரில் இருக்கிறது. கம்ப்யூட்டர் இசக்கி பக்கம். பிளைவுட்டில் போட்ட ஓட்டை வழியாக ஒரு நீல வயர் வருகிறது.

இசக்கிக்கு ஐரோலியில் இருக்கும் கம்பெனி ஒன்றின் வேலை, வீட்டிலிருந்தே. ஆஸ்பத்திரிப் படிவங்களைப் பார்த்து டைப் செய்யவேண்டும். வயரில் வந்தால்தான் கம்பெனி உள்ளே விடும். மொபைல் நெட் ஆகாது. பதினோரு மணிக்கு லாகின். இந்த மாதம் இரண்டு நாள் தவறிவிட்டது. இரண்டு நாளும் மத்தியானத்துக்கு மேல் நெட் தானாக வந்தது. மூன்றாவது முறை தவறினால் வேலை இல்லை என்று எழுத்திலேயே வந்துவிட்டது.

இன்று பத்தரைக்குத் திரை சொன்னது: கேபிள் இணைக்கப்படவில்லை.

அவள் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். வயரைப் பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகினாள். செட்டிங்கில் போய் இணைப்பை முடக்கி, திரும்ப இயக்கினாள். வயர் சொருகும் இடத்தில் எரியவேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. நெட்காரன் ஷகீலுக்குப் போன் போட்டாள்.

"தீதீ, டப்பே மே லைட் ஹை க்யா?"

"டப்பா உதர் ஹை. பாஜூ மே."

"தோ பாஜூவாலி ஸே பூச்சோ நா."

"பாஜூவாலி நஹீ. பாபி ஹை."

"அரே, பாபி ஹை தோ பூச்சோ!"

டப்பாவில் விளக்கு எரிகிறதா என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்கக்கூடத் தயங்கலாம், பாபியிடம், அண்ணன் பெண்டாட்டியிடம், கேட்பதற்கு என்ன என்பது ஷகீலின் கட்சி. அவன் தேவ்நாரில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தான். மூன்று மணிக்குத்தான் வரமுடியும். ஒரு ஆள் அந்த முனையை அமுக்கவேண்டும், ஒரு ஆள் இந்த முனையில் விளக்கைப் பார்க்கவேண்டும், ஒற்றை ஆளால் ஆகாது என்றான்.

"மைனிகிட்ட மட்டும் கேக்கச் சொல்லாதீங்க, ஷகீல் பாய்," என்றாள் இசக்கி, அவனுக்குப் புரியாத தமிழில்.

[ரயில் வாக்கியத்தை இங்கே வைத்தேன். பொருந்தித்தான் இருக்கிறது.]

5

வயருக்கு என்ன கேடு என்று வாசகருக்குச் சொல்லிவிடவேண்டும். சர்வே நாளன்று இரண்டு வீட்டுக்கும் பொதுவாக எதுவும் இல்லை என்று காட்ட, மைனி அதை டப்பாவிலிருந்து பிடுங்கி ஒளித்துவைத்தாள். பிடுங்கின வேகத்தில் முனையிலிருந்த பிளாஸ்டிக் கிளிப் ஒடிந்துவிட்டது. அன்றிலிருந்து வயர் பிடிப்பில்லாமல் நிற்கிறது. கதவை ஓங்கிச் சாத்தினால் நழுவும்.

இன்று வேண்டுமென்றே பிடுங்கினாளா? ஒரு வரைவில் ஆமாம். அந்த வரைவில் வந்த முப்பிடாதியம்மாளை நானே நம்பவில்லை. அந்த இரண்டு நாளும் மத்தியானத்துக்கு மேல் நெட் எப்படித் தானாக வந்தது என்று அந்த வரைவில் பதில் இல்லை.

6

பத்து ஐம்பது.

முடிவு ஒன்று: இசக்கி பிளைவுட்டைத் தட்டி, "மைனி, டப்பாவுல லைட்டு எரியுதா?" என்கிறாள். நேர்மையான கேள்வி. ஆனால் ஐந்து மாதம் கழித்து வருகிற முதல் பேச்சு, லைட்டைப் பற்றி.

முடிவு இரண்டு: "மைனி, சாப்ட்டியளா?" உங்களுக்கு இது பிடிக்கும். எழுதும்போது எனக்கும் பிடித்தது. ஆனால் வேலை போகிற நேரம் பார்த்துக் கேட்டால் அது சாப்பாட்டைக் கேட்டதாகுமா? முப்பிடாதியம்மாள் அவ்வளவு லேசுப்பட்டவள் இல்லை.

முடிவு மூன்று: கேட்காமலே இருந்து வேலையை விடுகிறாள். அப்புறம் அந்தப் பாதி அறையில் அவள் நாள் முழுக்க

7

பத்து ஐம்பத்தாறு. இசக்கி பிளைவுட்டின் முன்னால் நின்றாள். தட்டுவதற்குக் கையை உயர்த்தினாள். கடைக்கண்ணில், மேசையில் பச்சை விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்து, நின்றது.

இது என் திட்டத்தில் இல்லை. பிளைவுட் அரை இஞ்சுதான், ஷகீலோடு பேசியது ஒன்று விடாமல் அந்தப் பக்கம் கேட்டிருக்கும் என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

ஓடிப்போய்ப் பாஸ்வேர்டு அடித்தாள். பத்து ஐம்பத்தெட்டுக்குக் கம்பெனி உள்ளே விட்டது. விளக்கு ஒருமுறை நடுங்கியது; அந்தப் பக்கம் வயரைப் பிடித்திருந்தவள் கை மாற்றியிருப்பாள். முதல் படிவம் வந்தது. சாயங்காலம் ஏழு மணி வரை வந்துகொண்டே இருக்கும்.

இசக்கி பிளைவுட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கென்று வைத்திருந்த இரண்டு வாக்கியங்களையும் நான் அடித்துவிட்டேன். உங்களிடம் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம்.

"ஏட்டி, கை கடுக்குது. நான் இன்னும் சாப்பிடக்கூட இல்ல. எம்புட்டு நேரந்தான் இதப் பிடிச்சுக்கிட்டே நிக்க?"