முதல் மாடி வரைக்கும்

வாடகைக்கு இருப்பவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்பது அந்த ஐந்து மாடிக் குடியிருப்பின் பழைய விதி. "நான் வந்த மறுநாளே அது ஒழியும்" என்று சொல்லித்தான் அவள் சங்கத் தலைவி ஆனாள். அதுவரை தானும் படியில்தான் ஏறுவேன் என்று சபதம் வேறு. வீடோ ஐந்தாம் மாடி.

செயலாளர் அவளுடைய கணவர். மனைவி மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் தலை வாருவதைக்கூடத் தவணை முறையில் செய்பவர். பொருளாளர், ரூல்ஸ் மாமா. மூவரும் கை தூக்கினால்தான் விதி மாறும். மாமாவின் கை அசையவில்லை.

"ஒரேயடியா கேட்டா மனுஷன் மிரளுவார். இப்போதைக்கு முதல் மாடி வரைக்கும் விடலாம்னு பேசி முடிச்சிட்டேன்" என்று கணவர் பெருமையாக வந்து நின்றார்.

"முதல் மாடிக்கு லிஃப்ட் எதுக்குங்க? ஊரே சிரிக்கும்!"

"அடுத்த வருஷம் ரெண்டாவது மாடி."

"இப்போதைக்கு இதுக்குக் கை தூக்குறேன். ஆனா மாசக் கடைசிக்குள்ள முழுசா மாறலைன்னா நான் ராஜினாமா. அதுவரைக்கும் எங்கிட்ட பேசாதீங்க."

அன்றிலிருந்து அவள் மூச்சு வாங்கப் படியேறினாள். அவர் முதல் மாடி வரை லிஃப்டில் வந்து, அங்கிருந்து பூனை மாதிரி அவள் பின்னால் நடந்தார்.

மாதக் கடைசி நாள். நான்காம் மாடியில் வாடகைக்கு இருக்கும் தையல் அக்கா, தன் மெஷினை லிஃப்டில் ஏற்றினாள். உள்ளே ஏற்கெனவே ரூல்ஸ் மாமா. முதல் மாடியில் கதவு திறந்ததும் அக்கா ஒழுங்காக மெஷினை வெளியே இழுத்தாள். பாதியில் மெஷினின் கால் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. மாமா மெஷினுக்குப் பின்னால் சிறைப்பட்டார்.

"உள்ளே தள்ளும்மா!"

"தள்ளினா மெஷின் மேல போயிடுமே மாமா. முதல் மாடி வரைக்கும்தானே ரூல்ஸ்? போன வாரம் காய்கறிப் பையோட என்னை இறக்கி விட்டீங்களே!"

"அம்மா தாயே, எனக்கு அவசரம்! பாத்ரூம்!"

லிஃப்ட் வராததால் அன்று கணவரும் கீழிருந்தே மனைவியோடு படியேறி வந்தார். அவள் ஒரு பார்வையில் நிலைமையைப் புரிந்துகொண்டாள்.

"மூணு பேரும் இருக்கோம். இங்கேயே கூட்டம் போட்டுடலாம்."

கணவர் தொண்டையைச் செருமினார். "இப்போதைக்கு ரெண்டாவது மாடி வரைக்கும்..."

"யோவ்! அஞ்சு மாடியும்! எல்லாருக்கும்! இப்பவே!" கால்களைப் பின்னிக்கொண்டு மாமா அலறினார்.

"பதறாதீங்க மாமா" என்றார் கணவர். "இப்படி ஒரேயடியா மாத்தினா ஜனங்க மிரளுவாங்க."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க, பேசாம கையைத் தூக்குங்க!"

மூன்று கைகள் உயர்ந்தன. மாமாவின் கைதான் முதலில். அக்கா மெஷினை உள்ளே தள்ளித் தானும் ஏறிக்கொள்ள, லிஃப்ட் பறந்தது.

அது திரும்பி வந்தபோது கணவனும் மனைவியும் ஏறினார்கள். தவணைப் பழக்க தோஷத்தில் அவர் விரல் இரண்டாம் மாடிப் பொத்தானுக்குப் போயிற்று. அவள் அந்தக் கையைப் பிடித்து ஐந்தின் மேல் அழுத்தினாள்.

"கையை விட்டுடாதே" என்றார் அவர். "இப்போதைக்கு அஞ்சாவது மாடி வரைக்கும்."