முதல் நாளே பட்டமளிப்பு

எங்கள் கல்லூரியில் சேருவது சுலபம், முடிப்பதுதான் அபூர்வம். போன வருடம் குளிர்சாதனப் பழுதுபார்ப்பு டிப்ளமாவில் நாற்பது பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறிலும் ஒருவன் பரீட்சை அன்று ஃபேன் காற்றுக்காக வந்து உட்கார்ந்தவன் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

மும்பை தாராவியில், பை தைக்கும் பட்டறை ஒன்றுக்கு மேலே இரண்டாவது மாடி. இதுதான் காலேஜ். ஆபீஸ் என்றால் நான்தான். பெயர் ருக்கு, வயது ஐம்பத்தாறு, மாட்டுங்காவிலிருந்து நடந்தே வருவேன். அட்மிஷன், அட்டெண்டன்ஸ், தண்ணீர் ஃபில்டர் எல்லாம் என் தலையில். பிரின்சிபல் மகாதேவன் டோம்பிவிலியிலிருந்து ரயிலில் வருவார். ஒன்றரை மணி நேரப் பயணம். அந்த நேரத்தில் மற்றவர்களைப் போலத் தூங்கித் தொலைக்கலாம். அவர் யோசிப்பார்.

ஜூனில் காலேஜை நடத்தும் டிரஸ்ட்டிலிருந்து கடிதம் வந்தது. இந்த வருடம் இருபது பேராவது முடிக்காவிட்டால் காலேஜை மூடிவிடுவார்களாம். மறுநாள் மகாதேவன் படியேறும்போதே குரல் கொடுத்தார்.

"ருக்கு, கண்டுபிடிச்சுட்டேன்! காலேஜையே புதுசா டிசைன் பண்ணப் போறோம். இந்தப் பசங்க ஏன் பாதியிலே நின்னுடறா தெரியுமோ? முடிச்சா எப்படி இருக்கும்னு அவா கண்ணால பாத்ததே இல்லை. முதல் நாளே கவுன் போட்டு, தொப்பி வெச்சு, கையில சுருள் குடுத்து ஒரு போட்டோ எடுத்துடணும். அதைப் பாத்துப் பாத்தே முடிச்சுடுவா."

"சார், இலை போட்ட உடனே பாயசத்தைக் குடுத்துட்டு, அப்புறம் சாம்பாருக்கு உக்காருன்னா எவன் உக்காருவான்?"

"உங்களுக்கு எதை எடுத்தாலும் நெகட்டிவ்தான்" என்று சொல்லிவிட்டு, கவுனுக்கு ஆர்டர் கொடுத்தார். நாற்பது பேருக்கு ஒரே கவுன். ஜம்பு ஸ்டூடியோக்காரர் வந்தார். பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாகக் குடும்பங்கள் படியெல்லாம் நின்றன. ஒவ்வொருவர் கையிலும் மாற்றி மாற்றிக் கொடுத்த அந்தச் சுருள், எங்கள் வீட்டுப் பழைய காலண்டரின் பிப்ரவரி மாதம்.

இரண்டாவது வாரம் முப்பது பேர் வந்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் பதினொன்று. வராதவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். நாகராஜ் என்ற பையன் உள்ளதைச் சொன்னான்.

"மேடம், போட்டோவப் பாத்துப் பொண்ணு வீட்டுல ஓகே சொல்லிட்டாவ. இனி கிளாஸுக்கு வந்தா, அப்ப அது என்ன போட்டோன்னு கேப்பாவல்லா?"

தினமும் தவறாமல் வந்தவள் இசக்கிசெல்வி. வகுப்பில் ஒரே பெண், வயது பத்தொன்பது. கண் மட்டும் தெரியும்படி துப்பட்டாவால் முகத்தை இறுக்கக் கட்டிக்கொண்டு வருவாள். வெயிலுக்குப் பயந்து என்று நினைத்திருந்தேன். அவள் வீடு இருக்கும் லேபர் கேம்ப் பக்கம் போனபோதுதான் காரணம் தெரிந்தது. அவள் அப்பா கணேசபாண்டியன், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், சந்து முனையில் பத்தடி உயரத்துக்குப் பேனர் கட்டியிருந்தார். நடுவில் கவுன் போட்ட மகள். கீழே வரிசையாகப் பதினான்கு சொந்தக்காரர்களின் தலைகள். 'பட்டம் வென்ற எங்கள் சிங்கமே' என்று கொட்டை எழுத்து.

"பட்டம் வாங்குனவ மறுபடி காலேஜுக்குப் போனா, ஃபெயிலான்னு கேப்பாவ மேடம்" என்றாள் இசக்கிசெல்வி.

செப்டம்பரில் ஒரு நாள் அந்தத் துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு என் மேஜை முன்னால் உட்கார்ந்து அழுதாள். பாண்டுப்பில் இருக்கும் அத்தை மகன் சுடலைக்கண்ணனோடு ஜனவரியில் கல்யாணம். பட்டம்தான் வாங்கியாயிற்றே, இனி காலேஜ் எதற்கு என்கிறாராம் அப்பா. பரீட்சையோ ஏப்ரலில்.

"செம்பூர்ல ஒரு ஏசி சர்வீஸ் கம்பெனில வேலைக்குப் பேசி வச்சிருக்கேன் மேடம். சர்டிபிகேட் இருந்தாத்தான் எடுப்பாவளாம். போட்டோவக் காட்டுனேன். சிரிக்காவ."

எனக்கு எல்லாப் பிள்ளைகளையும் பிடிக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். இவளைப் பிடிக்கும். என் அட்டெண்டன்ஸ் புத்தகத்தில் இவள் பெயருக்கு நேரே ஒரு கட்டம்கூடக் காலியில்லை. மகாதேவன் மேல் வந்த கோபத்தை அவள் அப்பா மேல் காட்டுவது என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

கணேசபாண்டியன் வெள்ளைச் சட்டையில், மகளோடு வாசலில் நின்றார். "வாங்க மேடம்! பாண்டுப்புக்கு அக்கா வீட்டுக்குப் போறோம், தேதி குறிக்க. காலேஜ் மேடமே கூட வந்தா எங்களுக்குல்லா கௌரவம்!"

வாயைத் திறப்பதற்குள் சயான் ஸ்டேஷனில் இருந்தேன். ரயிலில் பேசிக்கொள்ளலாம் என்றால், அவர் ஜெண்ட்ஸ் பெட்டியில் ஏறிவிட்டார்.

பாண்டுப் வீட்டில் பிரிட்ஜின் தலையில் அதே கவுன் போட்டோ, பிரேம் போட்டு நின்றது. அத்தை முப்பிடாதியம்மாள் காப்பிகூடத் தரவில்லை.

"ஏட்டி செல்வி, நல்ல வேள வந்த. ஒரு வாரமா பிரிட்ஜு குளிரவே இல்ல, மீனெல்லாம் வீணாப் போச்சு. மெக்கானிக்கக் கூப்பிடட்டான்னான் உன் மச்சான். வீட்டுக்கே டிப்ளமாக்காரி வாரா, வெளியாளு எதுக்குலன்னுட்டேன்."

இசக்கிசெல்வி தன் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். கல்யாணத் தேதி குறிக்கிற நாளிலும் அது பையில் இருந்ததே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிரிட்ஜைத் திருப்பிப் பின்பக்கம் தொட்டுப் பார்த்தாள், காது வைத்துக் கேட்டாள்.

"கம்ப்ரஸர் ஓடுது அத்த. கேஸ்தான் லீக்காயிருக்கு."

"அப்ப ஏத்து."

கணேசபாண்டியன் ஃபேனைப் பார்த்தார். இசக்கிசெல்வி என்னைப் பார்த்தாள். என் வாய் சும்மா இருக்காத வாய். அன்றைக்கு மட்டும் இறுக்க மூடிக்கொண்டேன். அவள்தான் சொல்ல வேண்டும்.

"கேஸ் ஏத்துத பாடம் ஜனவரிலதான் அத்த வரும். பரீட்ச ஏப்ரல்ல."

முப்பிடாதியம்மாள் போட்டோவைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள். "ஏலே, அப்ப இது என்னல?"

"அது... சேந்ததுக்குக் குடுத்தது அக்கா."

"சேந்ததுக்கா? ரயில்ல ஏறுனவனுக்கு, ஊருக்கு வந்துட்டான்னு மால போடுவியோ? நான் பாண்டுப் பூரா டிப்ளமாக்காரி மருமவளா வாரான்னு சொல்லி வச்சிருக்கேன். பிள்ள படிச்சு முடிக்கட்டும், பரீட்சயும் எழுதட்டும், வந்து என் பிரிட்ஜுக்குக் கேஸ் ஏத்தட்டும். பெறவு தேதி பேசுவோம்."

"அதுவர மீனுக்கு?" என்றான் சுடலைக்கண்ணன்.

"அன்னன்னைக்கு வாங்கி அன்னன்னைக்குத் தின்னுல. அர வேக்காட்டுப் படிப்ப நம்பி என் பிரிட்ஜக் குடுக்க மாட்டேன்."

திரும்பி வரும் ரயிலில் எனக்கும் ஒரு யோசனை வந்தது. திங்கட்கிழமை, வராத இருபத்தொன்பது பேரின் விலாசத்தோடு சந்து சந்தாகப் போனேன். யாரையும் திட்டவில்லை. அக்கம்பக்கத்தில் மட்டும் சொன்னேன்: "உங்க சந்துலயே டிப்ளமாக்காரன் இருக்கான், தெரியாதோ? ஏசி, பிரிட்ஜ் எது கெட்டாலும் அவன்கிட்ட கொண்டு போங்கோ."

ஒரே வாரத்தில் நாகராஜ் வீட்டு வாசலில் நான்கு பிரிட்ஜும் ஒரு வாட்டர் கூலரும் சேர்ந்துவிட்டன. ஆறாவதாக, மாமனார் ஆகப்போகிறவரே கல்யாணிலிருந்து டெம்போவில் ஒரு ஏசியை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். மறுநாள் காலை எனக்கு முன்னால் காலேஜ் பூட்டுக்குப் பக்கத்தில் நாகராஜ் நின்றான். "மேடம், கிளாஸ் எத்தன மணிக்கு?"

தீபாவளிக்குள் முப்பத்தொரு பேர். ஏப்ரலில் பரீட்சை எழுதி முடித்தவர்கள் இருபத்தாறு பேர். காலேஜ் பிழைத்தது. எல்லாம் முதல் நாள் போட்டோவின் பலன் என்று மகாதேவன் டிரஸ்ட்டுக்குப் பன்னிரண்டு ஸ்லைடு போட்டுக் காட்டினார். நான் விட்டுவிட்டேன். மனுஷன் டோம்பிவிலியிலிருந்து நின்றுகொண்டே வருகிறார்.

மே மாதம் சர்டிபிகேட் வாங்க இசக்கிசெல்வி அப்பாவோடு வந்தாள். கணேசபாண்டியன் அந்த ஒற்றைத் தாளை முன்னும் பின்னும் திருப்பினார்.

"இம்புட்டுதானா மேடம்? லைட்டு பில்லு மாதிரில்லா இருக்கு."

"இவ்வளவுதான். இதோ அவ பேர். பக்கத்துல உங்க பேர்."

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு இரண்டு பெயர்களையும் தொட்டுப் பார்த்தார். பிறகு, "பேனர்ல இனி என்னத்தப் போட? எல்லாத்தையும் அப்பமே போட்டாச்சே" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம்ப்பா" என்றாள் மகள். கேஸ் ஏற்றி, அத்தை கையில் ஐஸ் கட்டி கொடுத்துவிட்டு வந்திருந்தாள். தேதி கேட்டார்களா என்றேன். "கேட்டாவ. திங்கக்கெழம வேலையில சேருதேன், அத மொதல்ல பாக்கணும்னு சொல்லிட்டேன். மச்சான் சரின்னுட்டாவ" என்றாள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் எனக்கு லேபர் கேம்ப்பில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் போய் நின்றேன். வெயிலில் வெளுத்துப்போன பேனருக்குக் கீழே, தோளில் டூல் பையோடு இசக்கிசெல்வி வந்தாள். துப்பட்டா கழுத்தில் கிடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

குழாயடியில் நின்ற ஒருத்தி கேட்டாள், "எங்கட்டி போற, காலங்காத்தால?"

"வேலைக்கு!" என்றாள், சந்து முழுக்கக் கேட்கும்படி.