எண்ணெய் சூடாகும் வரை

அப்பா இறந்த பதினோராம் நாள் காலை ஏழரை மணிக்கு, அவள் அப்பா வீட்டின் பின்சுவரோரம் பனியில் மண்டியிட்டு ஹீட் பம்பின் வெளிப்பெட்டியைத் திறந்தாள். பதினாறு வருடமாக இதுதான் அவள் பிழைப்பு. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருக்கும் இந்த யந்திரங்களில், அவற்றை இயக்கும் எலெக்ட்ரானிக் போர்டு கெட்டால் ஆட்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். உறவில் அவளுக்குப் பெயரே ‘போர்டு டாக்டர்’. இந்தப் பதினோரு நாளில் அந்தப் பெயரை யாரும் வாயில் எடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவளின் அப்பா குளிரில் விறைத்துச் செத்துப்போனார் என்றால், கேலிக்கு யாருக்கு நாக்கு வரும்?

அன்று பனிப்புயலில் அரை நாள் மின்சாரம் இல்லை. சாயங்காலம்தான் அது திரும்பி வந்தது. யந்திரம் மட்டும் ஓடவில்லை. மறுநாள் விடிகாலையில் அண்ணன்தான் போய்ப் பார்த்தான். அப்பா கோட்டும் பூட்ஸும் போட்டபடி பின்கதவுக்கு உள்ளே, தரையில் கிடந்தார். வீட்டை விட்டு எங்கேயோ போகப் பார்த்திருக்கிறார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

இன்னொன்றும் பேசிக்கொண்டார்கள். அதைக் கிளப்பியவள் அத்தை, அப்பாவின் அக்கா. அப்பாவின் போனில் ராத்திரி மூன்று தடவை அண்ணனைக் கூப்பிட்டது பதிவாகியிருந்தது. அண்ணனுக்கு பேக்கரியில் இரவு வேலை. போன் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. அத்தைக்கு அதெல்லாம் கணக்கில்லை. "பெத்த புள்ள போனை எடுத்திருந்தா என் தம்பி இன்னிக்கு உக்காந்து கஞ்சி குடிச்சிட்டிருப்பான்" என்று வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. அண்ணன் மறுத்துப் பேசவில்லை. சோற்றையும் சரியாகத் தொடவில்லை. ஆள் பாதியாகிவிட்டான்.

அதனால்தான் அவள் வந்தாள். போர்டு கருகியிருந்தால் போதும். பழியை அதன் தலையில் போட்டுவிடலாம். அண்ணன் கொஞ்சம் மூச்சு விடுவான்.

மெயின் சுவிட்ச் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, வெளிச்சுவரில் இருந்தது. அப்பாவைக் கண்ட காலையில் அண்ணன் அணைத்தது, இன்னும் அப்படியே கிடந்தது. அவள் முதலில் ஃபியூஸைச் சோதித்தாள். நன்றாக இருந்தது. கெப்பாசிட்டர்கள் உப்பவில்லை. மூக்கை வைத்து முகர்ந்தாள். கருகிய வாடை இல்லை. சென்சார் ஒவ்வொன்றையும் மீட்டரில் பார்த்தாள். வெளியே அடிக்கும் குளிருக்கு என்ன எண் வர வேண்டுமோ அதுவே வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவளே வாங்கி, அவளே பொருத்திய போர்டு. கல்லுக்குண்டு மாதிரி இருந்தது.

மின்சாரத்தைப் போட்டு, கைக்கருவியைச் செருகி, போர்டின் நினைவுப் பதிவைத் திறந்தாள். அந்த ஒரு ராத்திரியில் மட்டும் மின்சாரம் பத்தொன்பது தடவை அணைந்து வந்திருந்தது. கம்ப்ரஸர் ஒரு தடவைகூட ஓடவில்லை. முதலில் கால் மணிக்கு ஒரு தடவை. பிறகு அரை மணி. கடைசி இரண்டுக்கும் நடுவே ஒன்றேகால் மணி நேரம்.

தெரு முழுக்க மின்சாரம் போய்ப் போய் வந்திருக்குமா என்று ஒரு கணம் நினைத்தாள். அப்போது திரையின் மூலையில் சின்னதாக ஒரு துளி மினுக்கியது.

புது ரகப் போர்டுகளில் அது எண்ணெய்த் துளி. கடுங்குளிரில் மின்சாரம் போய் வந்தால், கம்ப்ரஸருக்குள் இருக்கும் எண்ணெய் கெட்டியாகிவிடும். அதைச் சூடாக்கிய பிறகுதான் போர்டு யந்திரத்தை ஓட விடும். நாலு மணி நேரம் ஆகும். நடுவில் அணைத்துப் போட்டால் அந்த நாலு மணி மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அன்று சாயங்காலம் அப்பா அவளைக் கூப்பிட்டபோது அவள் வேறொரு வீட்டில், பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் பதினாறு வீடு பாக்கி.

"திரையில எர்ரர் நம்பர் ஏதாவது காட்டுதாப்பா?"

"நம்பர் ஒண்ணும் இல்லம்மா. துளி மாதிரி என்னமோ மினுக்குது."

"மெயின அணைச்சிட்டு நூறு எண்ணுங்க. அப்புறம் போடுங்க. ஓடலேன்னா கொஞ்ச நேரம் பாத்துட்டு மறுபடி அதே மாதிரி பண்ணுங்க. ஓடுற வரைக்கும் விடாதீங்க."

பழைய ரகத்துக்கு அது சரியான மருந்து. தினம் பத்துப் பேருக்குச் சொல்லிச் சொல்லி வாய்ப்பாடாகிப்போனது. அப்பா முப்பது வருடம் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள். பத்தொன்பது தடவை பூட்ஸ் மாட்டிக்கொண்டு, பின்கதவைத் திறந்து, பனியில் நின்று நூறு எண்ணியிருக்கிறார். சும்மா விட்டிருந்தால் ராத்திரி பத்து மணிக்குள் வீடு சூடாகியிருக்கும்.

பின்கதவு திறந்தது. அண்ணன்.

"என்ன, கண்டுபிடிச்சியா?"

"பாத்துட்டிருக்கேன்."

"ஓடலியே? ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாரேன்." சுவிட்சை நோக்கி அவன் கை நீண்டது.

"தொடாதண்ணா!"

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவன் சுட்டுக்கொண்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டான். "ஏன் இப்படிக் கத்துற?"

"உள்ள போ. பன்னெண்டு மணி வரைக்கும் இதைத் தொடக்கூடாது."

உள்ளே அவளும் அண்ணனும் அத்தையும், மூன்று பேரும் கோட்டோடு சமையலறையில் உட்கார்ந்தார்கள். பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அத்தை இரண்டு போர்வைக்குள் இருந்தாள். போர்வை அவள் வாயை மூடவில்லை.

"இருட்டு வீட்டுக்குள்ள முரட்டுக் குருடன் போன மாதிரி, பெட்டியத் திறக்கிறா மூடுறா. என்னடி, உயிர் இருக்கா அதுக்கு?"

"இருக்கு அத்தை. கொஞ்சம் பொறுங்க."

"நான் எதுக்குப் பொறுக்கணும்? பொறுத்தவன்தான் போயிட்டானே. மூணு தடவை அடிச்சிருக்கான்..."

அண்ணன் எழுந்து கூடத்துக்குப் போனான்.

அவளுடைய வேனில் பழைய போர்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அதில் இதே கம்பெனிப் போர்டு ஒன்று, ரிலே வெடித்து, ஒரு பக்கம் கரியாகிப் போனது. அதை எடுத்து மேசைமேல் வைத்து ‘இதுதான்’ என்றால் இரண்டு பேரும் நம்புவார்கள். போர்டு பற்றி அவள் சொன்னால் யார் எதிர்த்துப் பேசப்போகிறார்கள்? பத்தரை மணிக்கு வேன் வரைக்கும் போனாள். பெட்டியைத் திறந்தாள். அந்தப் போர்டை வெளியே எடுத்தும்விட்டாள்.

அத்தை என்ன சொல்வாள் என்று அப்போது காதில் கேட்டது. ‘சரிடி, போர்டு கருகிடுச்சு. இவன் போனை எடுத்திருந்தா தம்பியைக் கூட்டிட்டுப் போயிருப்பான்ல?’ கருகிய போர்டு காப்பாற்றப்போவது தப்பு மருந்து சொன்ன அவளைத்தான். அண்ணன் இருக்கிற இடத்திலேயே இருப்பான். அவள் போர்டைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது பின்சுவருக்கு அப்பால் விசிறி சுழலத் தொடங்கியது. அடுத்து கம்ப்ரஸர் உறுமியது. சுவர்க் குழாய்களில் தண்ணீர் ஓடும் சத்தம் வந்தது.

அண்ணன் கூடத்திலிருந்து ஓடி வந்தான். "சரி பண்ணிட்டியா? என்ன மாத்தின?"

"ஒண்ணும் மாத்தல. சும்மா விட்டேன்."

அவள் சொன்னாள். எண்ணெய், நாலு மணி நேரம், தான் போனில் சொன்னது, பத்தொன்பது தடவை, எல்லாம். சுருக்கவும் இல்லை, அழவும் இல்லை. அப்பா எங்கேயும் போகப் பார்த்துக் கோட்டு மாட்டவில்லை, சுவிட்ச் வெளியே இருக்கிறது என்பதையும் சொன்னாள்.

"நீ சொன்னதாலயா?" என்றாள் அத்தை, சின்னக் குரலில்.

"ஆமா அத்தை."

அண்ணன் குழாய்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். அவன் முகம் லேசாகும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். ஆகவில்லை.

"நான் எடுத்திருந்தாலும், தங்கச்சியக் கேளுங்கப்பான்னுதான் சொல்லியிருப்பேன்" என்றான்.

அவள் அத்தை பக்கம் திரும்பினாள். கையை நீட்டினாள். "அத்தை, உங்க போனைக் குடுங்க."

"எதுக்குடி?"

"அண்ணன் எடுக்கலேன்னு யார் யார்கிட்ட சொன்னீங்களோ, அவங்ககிட்ட எல்லாம் பேசணும். வரிசையாச் சொல்லுங்க."

"இப்ப எதுக்குடி... வேணாம். குடும்பத்துக்குள்ளயே கிடந்துட்டுப் போகட்டும்."

"சொல்லுங்க அத்தை."

அத்தை அண்ணனைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. போர்வைக்குள்ளிருந்து போன் வந்தது. முதல் பெயர் பெரியப்பா. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.