தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் அக்காவின் மறதி. ஒரு திங்கட்கிழமை அவள் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு அலுவலகம் போய்விட்டாள். அக்கா நகராட்சியின் வட்ட அலுவலகத்தில் புகார்களைப் பதிவு செய்யும் எழுத்தர். "கண்ணாடி இல்லாம எல்லாப் புகாரும் ஒரே புகாராத் தெரியுதுடி, எடுத்துட்டு வா" என்று போன் செய்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் மேசைக்கு எதிரே நின்றிருந்த பெண்தான் என்னை உட்கார வைத்தாள்.

"தண்ணி வரலையா?" என்று அக்கா கேட்டாள்.

"வருது."

"கலங்கலா வருதா?"

"நல்லாத்தான் வருது."

"அப்புறம் என்னம்மா புகார்?"

"எப்ப வரும்னு தெரியலையே மேடம்."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினித் திரையைப் பார்த்தாள். தண்ணீர் சம்பந்தமாக அதில் நான்கு வகைகள்தான் இருந்தன: வரவில்லை, கலங்கல், குழாய் உடைப்பு, இதர. 'இதர' என்று போட்டால் புகார் பூங்காப் பிரிவுக்குப் போய்விடும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. பூங்காப் பிரிவுக்கும் தெரியாது. அதனால் அக்கா வழக்கம்போல 'வரவில்லை' என்று பதிந்தாள்.

வழக்கம்போல என்று எழுதுகிறேன், ஏனென்றால் அது அந்தப் பெண்ணின் பத்தொன்பதாவது புகார். ஒவ்வொரு முறையும் மதியம் ஒரு ஆய்வாளர் அந்தத் தெருவுக்குப் போவார். திறந்திருக்கும் ஏதாவது ஒரு வாசலில் நின்று "இன்னைக்குத் தண்ணி வந்துச்சா?" என்று கேட்பார். "வந்துச்சு" என்பார்கள். பொய் இல்லை. மறுநாள் அவள் போனுக்குக் குறுஞ்செய்தி வரும்: தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது.

பதினெட்டு முறை தீர்ந்துபோன ஒரு பிரச்சினையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"விடியாத அந்த ஊரில், ஈரத்தின் நினைவு மட்டுமே மிஞ்சிய ஒரு தெருவின் முடிவில், காத்திருப்பு என்பது ஒரு

(இங்கே அக்கா தோளுக்குப் பின்னால் வந்து நின்றதால் வாக்கியம் நின்றுவிட்டது.)

"என்னடி இது, ஈரத்தின் நினைவு? அங்க தினமும் தண்ணி வருதுடி. வர்றதுதான் பிரச்சினையே."

"இது ஒரு மனநிலை அக்கா."

"மனநிலைக்கு எந்த வகையில பதியறது? இதரவா?"

இரண்டாவது தொடக்கத்தில் அந்தப் பெண்ணை அழ வைத்தேன். அவள் அழவில்லை. அவள் செய்தது வேறு. கைப்பையிலிருந்து தன் வருகை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒரு தையல் ஆலையில் காலர் தைக்கும் வரிசையில் அவளுக்கு வேலை. காலை எட்டரைக்கு வாசல் கதவு மூடப்படும். பிந்தி வந்தால் அட்டையில் சிவப்பு முத்திரை. ஒரு பருவத்தில், அதாவது மூன்று மாதத்தில், மூன்று முத்திரை விழுந்தால் வேலை போய்விடும். அட்டையில் இரண்டு இருந்தன. பருவம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள்.

"இது மூணாவதும் விழுந்தா நான் தினமும் வந்து உங்க முன்னாடியே உட்கார்ந்திருப்பேன் மேடம். எனக்கு வேற வேலை இருக்காது" என்றாள். மிரட்டல் மாதிரி இல்லை. தகவல் மாதிரி.

வீட்டில் அவளும் மாமனாரும்தான். கணவன் தொலைவில் ஏதோ கட்டுமான வேலையில் இருக்கிறான். மாமனார் இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலில் கிடக்கிறார். தண்ணீர் காலை ஆறரைக்கும் வரும், எட்டுக்கும் வரும், ஒன்பதரைக்கும் வரும். ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் யாராவது குழாயடியில் நின்று பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் கட்டிலில் இருப்பவரைக் கழுவ, துணி அலச, சமைக்க எதுவும் இல்லை.*

* குழாயைத் திறந்து, அடியில் டிரம்மை வைத்துவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவள் ஒரு நாள் அப்படித்தான் செய்தாள். டிரம் நிறைந்து, வழிந்து, பக்கத்து வீட்டுக் கொல்லையில் குளமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். அந்தத் தெருவில் கொடுத்த அன்றே நிஜமாகத் தீர்வு காணப்பட்ட ஒரே புகார் அதுதான். ஆய்வாளர் வந்து அவளைக் கண்டித்துவிட்டுப் போனார்.

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு கெட்டவன் தேவைப்பட்டான். நான் படிக்கும் தூரதேசத்து நாவல்களில் அலுவலகம் வந்தாலே கூடவே ஒரு கெட்டவனும் வருவான், பெரும்பாலும் கனத்த கோட்டோடு. இங்கே கோட்டுக்கு வழியில்லாததால் மீசை கொடுத்தேன். வால்வு திறப்பவர் என்று ஒருவர் இருக்கிறார். இடுப்புயர இரும்புச் சாவி ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, தெருத்தெருவாக நிலத்தடி மூடியைத் தூக்கி, வால்வைத் திருப்பித் தண்ணீர் விடுவார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'சாவி'. அவரைத் தூங்குமூஞ்சியாக, எதையோ எதிர்பார்த்துத் தெருக்களைக் காக்க வைப்பவராக இரண்டு பக்கம் எழுதினேன்.

"சாவி அண்ணனுக்கு மீசையே கிடையாது" என்றாள் அக்கா.

"அது பரவாயில்ல."

"அவர் நாலரைக்கே எழுந்திருக்கிற மனுஷன். நீ என்னைக்காவது நாலரையைப் பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. அதனால் செவ்வாய்க்கிழமை பார்த்தேன்.

[இங்கே விடியலைப் பற்றி எழுதிய ஒரு பத்தியை நீக்கிவிட்டேன். விடியல் அதன்பாட்டுக்கு நடந்தது.]

நீரேற்று அறையின் வாசலில் சாவி அண்ணன் சைக்கிள்மேல் சாய்ந்து நின்றிருந்தார். மீசை இல்லை. எழுத்தரின் தங்கை என்றதும் சிரித்தார். என் சைக்கிளில் பின்னால் வரட்டுமா என்று கேட்டேன். "வாம்மா. ஆனா வேகமா மிதிக்கணும்."

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. ஏழு வால்வுகள், ஒரு சாவி. எதை முதலில் திறப்பது, எதை அடுத்து என்று யார் முடிவு செய்கிறார்கள்? அலுவலகத்தில் கேட்டபோது பொறியியல் பிரிவு என்றார்கள். பொறியியல் பிரிவில் கேட்டபோது களப்பணியாளர் என்றார்கள். களப்பணியாளரோ இப்போது கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தார். எதற்கோ காத்திருக்கிறார் என்று தெரிந்தது.

ஐந்து இருபதுக்கு அவருடைய போன் அடித்தது.

"சொல்லுங்க டீச்சர்... சரி சரி, வந்துட்டேன்." சைக்கிளில் ஏறினார். "வா, டீச்சர் தெரு."

அவ்வளவுதான். பல வருடமாக யாருக்கும் விளங்காத விஷயம் அவ்வளவுதான். யார் முதலில் கூப்பிடுகிறார்களோ அவர்கள் தெருவுக்கு முதல் தண்ணீர். அடுத்து கூப்பிடுகிறவர்களுக்கு அடுத்தது. ஒரே நேரத்தில் இரண்டு வால்வைத் திறந்தால் அழுத்தம் போதாமல் மேட்டில் இருக்கும் தெருக்களுக்கு ஏறாது, ஆகவே வரிசையாகத்தான் விட முடியும். யாருமே கூப்பிடாத தெருக்களுக்கு இடையிலோ கடைசியிலோ, வழியில் எது பக்கமோ அப்படி. அந்தப் பெண்ணின் தெரு மேட்டுத் தெரு. அங்கே யாரிடமும் அவருடைய எண் இல்லை. அவள் ஒருமுறை அலுவலகத்தில் கேட்டிருக்கிறாள். பணியாளரின் சொந்த எண்ணைக் கொடுக்கக் கூடாது என்பது விதி. விதிப்படி மறுத்தவள் என் அக்கா.

"கேட்கிறவங்களுக்கு முதல்ல விடுறேன். அது தப்பாம்மா?" என்று கேட்டார் சாவி அண்ணன், மூடியைத் தூக்கிக்கொண்டே. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

நான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கங்களும் அந்தத் தெருமுனையிலேயே பயனற்றுப் போயின. எனக்கு அதில் வருத்தம் இல்லை என்றால் அது பொய்.

4

அன்று மாலை வீட்டில் இதை அக்காவிடம் சொன்னேன்.

"ஒரு போன் நம்பர்" என்றாள். "அதைக் குடுத்திருந்தா போதுமாடி?"

"குடுத்திருந்தா அவளும் கூப்பிடுவா. அப்புறம் அந்தத் தெருவே கூப்பிடும். அப்புறம் ஊரே அஞ்சு இருபதுக்குக் கூப்பிடும்."

"சாவி அண்ணன் போனை விழுங்கிடுவாரு."

நகராட்சியில் தண்ணீர்ப் பதிவேடு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். அதில் சாவி அண்ணன் 'வந்தது' அல்லது 'வரவில்லை' என்று எழுத வேண்டும். புதன்கிழமை காலை அக்கா அந்தப் பதிவேட்டை இழுத்து வைத்துக்கொண்டு, ஒரு அடிக்கோலும் பேனாவும் எடுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்தாள். புதிய பாதிக்கு மேலே எழுதினாள்: எத்தனை மணிக்கு.

அவ்வளவுதான் அவள் செய்தது. அரசாங்கத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள் கோடு போடும்போது கை நடுங்கியது என்று எழுத ஆசை. "நடுங்கல. அடிக்கோல்தான் வழுக்குச்சு" என்கிறாள்.

சாவி அண்ணன் பதிவேட்டைப் பார்த்தார். "மணி எழுதணுமா? தினமும் வேற வேற மணி வருமே. பார்க்கவே அசிங்கமா இருக்குமே."

"அதான்ண்ணே. ஒரே மணி வர்ற மாதிரி ஒரு வரிசை போட்டுக்கலாமா?"

மூன்று டீ குடித்து முடிப்பதற்குள் இருவரும் வரிசையைப் போட்டுவிட்டார்கள். மேட்டுத் தெருவுக்கு ஆறே முக்கால். முக்கால் மணி நேரம் பிடித்தாலும் ஏழரைக்கு அவள் கிளம்பிவிடலாம். பேருந்து ஐம்பது நிமிடம். எட்டரைக்குப் பத்து நிமிடம் மிச்சம்.

வியாழன்: 6.45. வெள்ளி: 6.50. சனி: 6.45. ஞாயிறு: 6.45. திங்கள்: 6.45. செவ்வாய்: 6.40 (பக்கத்தில் சாவி அண்ணனின் கையெழுத்தில், 'மன்னிக்கவும், சீக்கிரம்').

அலுவலக மேலாளர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"படிவத்துல இல்லாத கட்டம் எப்படி வந்துச்சு?"

"நான் போட்டேன் சார்."

"யார் உத்தரவு?"

"புகார் சார். பத்தொன்பது தடவை வந்த புகார்."

அவர் பக்கங்களைப் புரட்டினார். மேட்டுத் தெருவின் வரியில் 6.45, 6.45. "அழகாத்தான் இருக்கு" என்றார், தன்னை அறியாமல். பிறகு தன்னை அறிந்து, "மாசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும். மேல கேட்டா எனக்குத் தெரியாது" என்றார்.

5

முடிவுகள்.

முதல் முடிவு: அந்தக் கோடு ஊர் முழுவதும் பரவுகிறது. அடுத்த ஆண்டு அச்சடித்த பதிவேடுகளிலேயே 'எத்தனை மணிக்கு' என்ற கட்டம் இருக்கிறது. வெளியூர்களிலிருந்து அதிகாரிகள் வந்து பார்க்கிறார்கள். அக்காவுக்கு ஒரு கேடயம். இதைப் படித்துவிட்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கேடயம் குடுத்தா எங்கடி வைக்கிறது? பீரோ மேல உன் புத்தகம்தான் நிறைஞ்சிருக்கு."

இரண்டாம் முடிவு: ஆலையின் கதவு மூடுகிறது. அவள் இரண்டு அடி தூரத்தில் நிற்கிறாள். ஒரே மூச்சில் எழுதியது. அழகாக வந்திருக்கிறது. அழகாக வந்ததாலேயே அதை நம்ப முடியவில்லை. அவளுடைய மூன்றாவது முத்திரையை வைத்து நான் ஒரு நல்ல பத்தி சம்பாதித்துக்கொள்வதா?

மூன்றாவது, நடந்தது. நடந்தது என்ன என்று அக்காவுக்குத் தெரியும். பருவத்தின் கடைசி நாளான சனிக்கிழமை மாலை அவள் அலுவலகத்திலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அந்தப் பொண்ணு விஷயம் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள்.

"சொல்லாத."

"ஏண்டி, இவ்வளவு நாள் தொண தொணன்னு கேட்டியே?"

"சொன்னா எழுதிடுவேன். எழுதினா படிக்கிறவங்க, 'சரி, அப்படியா' அப்படின்னு மூடி வெச்சிடுவாங்க. இருபதாவது தடவையா அவளுக்குத் தீர்வு கண்ட மாதிரி ஆயிடும்."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உனக்கு நல்லா வருதுடி, தெரியாததைப் பெருசாப் பேச" என்றாள். ஆனால் சொல்லவில்லை. இன்னும் சொல்லாமல் இருக்கிறாள். சில சமயம் சாப்பிடும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை எந்தப் பக்கம் எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது அந்தச் சனிக்கிழமை காலை ஆறு நாற்பது வரைதான். சாவி அண்ணனே சொன்னார், அந்த இடம் வரை. அதற்குமேல் நான்தான் கையை நீட்டித் தடுத்துவிட்டேன்.

6

ஆகவே இனி சாவி அண்ணன் இடத்தில் நீங்கள்.

சைக்கிளை இப்படிப் பிடியுங்கள். சாவி கனமாக இருக்கும், இடது தோளில் சாய்த்துக்கொள்ளுங்கள். மணி ஆறு நாற்பது. கீழ்த் தெருக்களை முடித்துவிட்டீர்கள். முன்னால் சாலை இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் ஏற்றம், மேட்டுத் தெரு, ஐந்து நிமிட மிதி. இடப்பக்கம் வட்ட உறுப்பினரின் தெரு. அங்கே போய்த் திறந்து, விட்டு, அடைத்து, திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். வரிசைப்படி அந்தத் தெருவுக்கு எட்டு மணி.

உங்கள் போன் அடிக்கிறது. உறுப்பினரின் பெயர் தெரிகிறது. அவர் வீட்டில் இன்று விருந்தாளிகள் என்று நேற்றே கேள்விப்பட்டீர்கள். அவர் கெட்டவர் இல்லை. போன வருடம் உங்கள் மனைவியை மருத்துவமனையில் சேர்க்கத் தன் வண்டியை அனுப்பியவர் அவர்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்த வேலைக்கு உங்கள் பெயரை எழுதி, இந்த ஆளே தொடரட்டும் என்று கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புபவரும் அவர்தான். அந்தத் தாள் இந்த வாரம் அவர் மேசையில் இருக்கிறது.

எடுக்காமல் விடலாம். எடுத்து, "எட்டு மணிக்குங்க" என்று சொல்லலாம். அப்படி அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை, என்ன சொல்வார் என்று யாருக்கும் தெரியாது. சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். எடுத்து, "வந்துட்டேன்" என்றும் சொல்லலாம். இதுநாள்வரை சொல்லி வந்தது அதைத்தான். நாக்கு தானாகவே சொல்லிவிடும், கவனம்.

மேலே, வீட்டுப் பின்புறத்தில், அவள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிறாள். ஒரு கை குழாய்மேல் இருக்கிறது. இங்கே போன் அடிப்பது அவளுக்குக் கேட்காது. தண்ணீர் வருவதற்கு முன் குழாய்க்குள் காற்று இருமும். அது கேட்கும், நீங்கள் வலப்பக்கம் திரும்பினால்.